பச்சோந்திக்குத் தவிட்டுப் புழு

கொல்லம் 1093, கார்த்திகை 3

தாலுகா கச்சேரியில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால், தங்கை பிச்சம்மாளின் ஜன்னல் கம்பியில் ஒரு பச்சோந்தி. பின்கால் ஊனம். காக்கை கொத்தியதாம். வளர்க்கப் போகிறாளாம். புருஷன் செத்து இரண்டு வருஷமாக வாசற்படி தாண்டாதவள். என்ன சொல்ல?

கார்த்திகை 9

செத்ததைத் தின்னாதாம் அது. உயிரோடு நெளிய வேண்டுமாம். பழைய தவிட்டைப் பானையில் போட்டுப் புழு வளர்க்கிறாள்.

"நெல்லுப் பத்தாயத்துல வரை புழு ஏறியாச்சு. இது சைவர் வீடாக்கும்" என்று என் மனைவி சண்முகவடிவு என்னைத்தான் பிடித்தாள். புழுவை நானா வளர்க்கிறேன்? பிச்சம்மாளிடம் போய், உயிரைக் கொல்லலாமா என்றேன்.

"அண்ணன் அதுக்குத் தேவாரம் சொல்லிக் குடுங்க. கேட்டுட்டுப் பால்சோறு திங்கட்டு."

கார்த்திகை 10

என் இலையில் ஒரு புழு. சோற்றுக்குள் நெளிந்தது.

கார்த்திகை 15

என் மூத்த மகளுக்கு வரன் சொல்ல சிவானந்தம் மாமா வந்தார். அரிசிப்பொரி என்று நினைத்துத் தவிட்டுப் பானையில் கைவிட்டார். காப்பி குடிக்காமலே எழுந்து போய்விட்டார். நெய்யாற்றின்கரை முழுக்கச் சொல்வார். போதும். எனக்குப் போதும்.

கார்த்திகை 16

அவள் குளிக்கப் போன நேரம் பச்சோந்தியைத் துணிப்பையில் கொண்டுபோய், பாறசாலை போகும் வழியில் ஒரு வேலியில் விட்டேன். ஜன்னல் வழியாகப் போயிருக்கும் என்றேன். நம்பிவிட்டாள். சண்டை போட்டிருக்கலாம் — நம்புவானேன்?

கார்த்திகை 17

நேற்று ராத்திரியும் இன்று காலையும் பிச்சம்மாள் சாப்பிடவில்லை.

"நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?" என்றாள் சண்முகவடிவு. எப்படித் தெரிந்ததோ. சொல்லிவிட்டேன். பிச்சம்மாள் அழவில்லை.

"எந்த வேலி?"

"நான் போய்ப் பாக்கேன்."

"உங்க கண்ணுக்கு இலையும் அதுவும் ஒண்ணாக்கும். நானும் வாறேன்."

பட்டப்பகலில் வாசல் இறங்கி நடந்தாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் தலை நீண்டது. நான் பின்னால். பத்தடிக்கு ஒரு ஏச்சு. "காலு வய்யாத ஜீவனைக் கொண்டு விடுத இடமா இது? ஒரு ஈ உண்டா இங்க?" நாற்பத்திரண்டு வயசில், நடுரோட்டில், தங்கையிடம். கேட்டுக்கொண்டே நடந்தேன்.

கிடைக்கவில்லை.

கார்த்திகை 19

கச்சேரிக்கு மூன்றாம் நாளாக லீவு. நுனிக்காலில் நின்று வேலி வேலியாகப் பார்த்தாயிற்று. நாளை வரமுடியாது என்றேன். வர வேண்டாம் என்றாள்.

கார்த்திகை 21

தனியாகப் போய்க் கண்டுபிடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மை அகஸ்டினா வீட்டு முருங்கையில், தானே பூச்சி பிடித்துத் தின்றுகொண்டிருந்ததாம். அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அதற்கு ஐந்து நாள் அலைச்சல்.

மார்கழி 6

சிவானந்தம் மாமா மறுபடி வந்தார். "உன் தங்கச்சி தினமும் ரோட்டுல போறாளே. எங்க போறா?"

வாத்தியாரம்மையின் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். எனக்குத் தெரியும்.

"அவகிட்டயே கேளுங்க மாமா. அஞ்சு மணிக்கு வந்திருவா" என்றேன்.

மாமா அதுவரை உட்காரவில்லை.