உப்புத் தண்ணீரில் பதர்

செப்டம்பர் 3, புதன்

காலையிலேயே புழுக்கம். இன்றைய வேலை விதைநெல் தேர்வு. கோடி வீட்டு மேரி அக்கா நேற்று மூட்டை தந்தார். வருஷா வருஷம் அவர் கட்டிவைக்கும் விதைதான் தெருவுக்கே. இத்தனை வருஷமும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டோம். இந்தத் தடவைதான் எங்களுக்கென்று அரை ஏக்கர், வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு.

இவர் டிராக்டர் பேச மானாம்பதி கிளம்பினார். "முட்ட மெதக்கிற அளவுக்கு உப்பு போடு. பதர வாரிட்டு நெல்ல உடனே நல்ல தண்ணியில அலசிடு. உப்புல ஊறிச்சின்னா மொளைக்காது."

"எனக்குத் தெரியாதா? போய்ட்டு வாயா."

தெரியும். அதுதான் வெட்கம்.

பெரிய அன்னக்கூடை நிறையத் தண்ணீர். உப்பு கரைந்து, முட்டை காசளவு தலை காட்டியது. நெல்லைக் கொட்டியதும் பதரெல்லாம் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நின்றது. போனை எடுத்தேன். இந்தப் பைத்தியம் புதிதில்லை. இதுவரை மிதக்கவிட்டுப் படம் எடுத்தவை: வெங்காயத்தோல், தீக்குச்சி, பாட்டில் மூடி, புளியம்பூ. உப்புத் தண்ணீரில் எல்லாம் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது, தனி அழகு. முருங்கைப்பூ பறித்துப் போட்டேன். வெயில் கூசியது. மேகம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பாப்பா பசி என்றாள், சோறு போட்டேன். ஸ்டேட்டஸ் வைத்தேன். யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நெல் அடியில். மதியம் தாண்டித்தான் ஞாபகம் வந்தது. அள்ளிப்போட்டு அலசினேன், அலசினேன். ஒரு நெல்லை நாக்கில் வைத்தேன். கரித்தது.

சாயங்காலம் இவர் வந்ததும், "அலசிட்டியா?" "அலசிட்டேன்."

பொய் இல்லையே. சீ.

செப்டம்பர் 4, வியாழன்

நல்ல தண்ணீரில் ஊறிய நெல்லைச் சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி, மேலே கல். இவர் விசிலடித்துக்கொண்டே கட்டினார். ஸ்டேட்டஸை அழித்துவிட்டேன். சோப்பு தீர்ந்துபோச்சு, வாங்க வேண்டும்.

செப்டம்பர் 6, சனி

தூறல். சாக்கைப் பிரித்தோம். முளை இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, அவ்வளவுதான். புளித்த வாடை. இவர் ஒரு கை அள்ளிப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம், "அந்தம்மா பழைய நெல்ல நம்ம தலையில கட்டிட்ச்சி."

அடுப்பில் என்னவோ இருப்பதுபோல உள்ளே போனேன். அடுப்பு எரியவே இல்லை.

டீக்கடையில் போய்க் கத்தியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் தாங்கள் வாங்கின விதை மூட்டையை மேரி அக்கா வாசலிலேயே திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்களாம். குழாயடியில் பேச்சு: "மேரியே இப்டி பண்ணா, யார நம்பறது சொல்லு."

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாதிக் குடம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

விடிந்ததும் இவரிடம் சொல்லிவிட்டேன். படத்தையும் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி பேர் எதுர்ல பேசிட்டேன் தெரியுமா? யாராண்டயும் வாயத் தொறக்காத."

அப்பாடா என்று இருந்தது. எழுதவே கை கூசுகிறது. ஆனால் அப்பாடா என்றுதான் இருந்தது.

மதியம். மேரி அக்கா சர்ச் விட்டு வீட்டுக்குப் போனவர், புடவைகூட மாற்றாமல் இங்கே வந்தார். தலையில் மூட்டை.

"தப்பு எம்மேலதான் தம்பி. காய வச்சதுல இன்னா கொறையோ, தெரில. இது எங்க நெலத்துக்குன்னு வச்சிருந்தது. நல்லா கீது, எட்த்துக்க."

இவர் தரையைப் பார்த்தபடி, "பரவால்லக்கா, வுடு."

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்து, "ஒரு கை புடிம்மா" என்றார்.

பிடித்தேன். இறக்கி, உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.