பாறைச்செக்கும் பதினாலு அயல்நாட்டாரும்

வெற்றி வளர்க. மூன்று குன்றுகளை வென்று, காவலுக்கு ஆள் போதாமையால் இரண்டைத் திருப்பித் தந்தருளியவரும், வெண்கொற்றக்குடை ஒன்றும் மழைநாளுக்கென ஓலைக்குடை ஒன்றும் உடையவரும், வேங்கைமேட்டு நாட்டை நீதியாலும் பெரும்பாலும் நல்லெண்ணத்தாலும் ஆண்டருள்பவருமாகிய இளவிறற் பெருமானின் ஆட்சி பதினோராம் ஆண்டு, கார்த்திகைத் திங்கள் ஆறாம் நாள், இறைவரி அமைச்சன் கண்ணந்தை நாகன் எழுதுவித்தது. கீழெல்லை காக்கும் தலைவர் எயினன் கோடனார் இவ்வோலையை நின்றபடி படிக்க. முட்டுவலி இன்னும் தீரவில்லையெனில் உட்கார்ந்தும் படிக்கலாம். உம் எல்லையும், உம் வீரர் எழுவரும், உம் வீட்டாரும் நலமுடன் வாழ்க.

சென்ற சித்திரையில், அண்டையிலுள்ள நெல்லிப்பொறை நாட்டில் வாணிகர் கூட்டம் பெருகுவதாகக் கேள்வியுற்ற பெருமான், மூன்று நாள் எவரிடமும் முகங்கொடுத்துப் பேசாதிருந்து, நான்காம் நாள் செப்பேடு வெட்டுவித்தார். அயல்நாட்டிலிருந்து எண்ணெய்ச் செக்கைக் கொண்டுவந்து நம் நாட்டில் நாட்டுவோர் எவராயினும் அவருக்கு ஏழாண்டுக்குச் செக்கிறை என்னும் வரி இல்லை, நிலத்துக்கு விலை இல்லை, அரண்மனைத் தொழுவத்திலிருந்து காளை ஒன்று உண்டு, நுழையும் நாளில் முரசும் குடையும் பெருமான் கையால் மாலையும் உண்டு என்பது அதன் வாசகம். இச்செலவை ஈடுகட்ட, ஏற்கெனவே இங்கிருக்கும் செக்குக்காரர்மேல் வரவேற்பு வரி என ஒன்று விதிக்கப்பட்டது. வருவோரை வரவேற்பது இருப்போரின் கடமை என்று அவையில் எடுத்துரைத்தவர் நாமே. சொல்லும்போது அது நன்றாகத்தான் இருந்தது.

ஐம்பது நாளில் பதினாலு செக்குகள் வண்டியேறி வந்து சேர்ந்தன. பெருமான் வாயிலில் நின்று மாலையிட்டு, வந்தோரின் தலைவனான ஐயாறன் என்பானை நோக்கி, எம் மொழியை இத்துணை விரைவில் இத்துணைத் தெளிவாகக் கற்ற வகை யாது என வினவியருளினார். எல்லாம் இந்நாட்டுக் காற்றின் விசேஷம் என்று அவன் விடையிறுக்க, பெருமான் மகிழ்ந்து இரண்டாவது காளையும் ஈந்தார். அவ்வமயம் முரசறைவோன் குனிந்து, “மாமா, நீ எப்ப வெளிநாடு போன?” என்று கேட்டதும், “இன்னிக்குக் காலைலதான். வாயை மூடிட்டு அடி” என்று ஐயாறன் சொன்னதும் பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டன.

பதினாலு பேரும் நம் வாணியத் தெருக்காரரே. தத்தம் மரச்செக்கைப் பெயர்த்து வண்டியிலேற்றி, காலையில் எல்லை கடந்து, நெல்லிப்பொறை மண்ணில் ஒரு வேளைக் கஞ்சி காய்ச்சிக் குடித்து, மாலையில் அயல்நாட்டாராகத் திரும்பியிருக்கின்றனர். உம் வீரர் கண்டும் தடுத்திலர். போவாரைத் தடுக்க அவர்களுக்கு ஆணை இல்லை, வருவாரை வணங்க ஆணை உண்டு. ஆதலால் உம்மேல் குற்றம் இல்லை.

ஆயின் அத்தெருவின் இறை, செக்குக்கு இவ்வளவு என்று வகுத்தது அன்று. தெருவுக்கு இவ்வளவு என்று முன்னோர் வகுத்தது. தை முதல் நாள் அரண்மனை விளக்குகளுக்குப் பதினைந்து குடம் எண்ணெய் அளக்க வேண்டும், தெருவில் இருப்போர் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். பதினாலு பேர் அயல்நாட்டாராகிவிட்டமையால், இப்போது தெருக்கணக்கில் இருப்பவள் ஆவுடையாள் ஒருத்தியே. அவள் செக்கு மரத்தாலானது அன்று. வீட்டு முற்றத்துப் பாறையிலேயே குடைந்தது, வண்டி ஏறாது. ஆகவே பதினைந்து குடமும் அவள் தலையில் விழுந்தன, அதன்மேல் வரவேற்பு வரியும் ஏறியது. அளக்கத் தவறினால் செக்கை உடைத்துப் போடுவது விதி. கணவனை இழந்த அவளுக்கும் அவள் பெண்மக்கள் இருவருக்கும் சோறு போடுவது அச்செக்கு ஒன்றே.

அவள் அவையில் வந்து நின்று சொன்னதைச் சொன்னபடியே எழுதுவித்தோம். “ஐயா, எனக்கு வரியைக் குறைக்க வேண்டாம். ஐயாறன் அண்ணனுக்கு முரசு அடிச்சதுக்கும் நான்தான் எண்ணெய் ஆட்டிக் கொடுத்தேன், போகட்டும். நான் எப்படி வெளிநாட்டுக்காரி ஆகிறதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் நடந்து போயிடுவேன். பாறை வருமா?”

இதற்கு விடைகாண அவை மும்முறை கூடிற்று. செப்பேட்டைத் திரும்பப் பெறலாகாது, சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று அதில் வெட்டியாயிற்று. உள்நாட்டாள் ஒருத்திக்கு வரிவிலக்கு அளிக்கலாமோ என்று ஒருவர் வினவியபோது, குயவரும் கொல்லரும் தட்டாரும் நாளையே வரிசையில் நிற்பர் என்று நாம் மறுத்தோம். அமைச்சர் சிலரும் ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டோம். இறுதியில், பாறை எல்லையைக் கடவாது, ஆயின் எல்லை என்பது இருவர் தூக்கும் ஒரு கல்லே என்று பெருமான் தெளிந்தருளினார். அதன்படியே, எல்லைக்கல்லைப் பெயர்த்து, முந்நூறு தப்படி உள்ளே கொணர்ந்து, அவள் முற்றத்துக்கு இப்புறம் நட்டு, ஒரு வேளைக் கஞ்சி குடிக்கும் நேரம் விட்டு மீண்டும் பழைய இடத்தில் நடுமாறு உமக்கு முன்னோலை வந்தது. நெல்லிப்பொறை வேந்தரும் இசைந்தார். தம் நாடு பெருகுவதை மறுத்த வேந்தர் எவருமிலர்.

அதன்பின் நிகழ்ந்ததை உம் மறுமொழியால் அறிந்தோம். கஞ்சி கொதிக்குமுன்னரே நெல்லிப்பொறை அதிகாரி இளநீரும் கையுமாக வந்து, பத்தாண்டு வரியின்மையும் கன்றோடு பசு ஒன்றும் தருவதாக அவளிடம் கூறினான் என்றும், அவள் இளநீரைக் குடித்துவிட்டு யோசித்துச் சொல்வதாகக் கூறினாள் என்றும், உம் வீரர் கல்லை எடுக்கச் சென்றபோது அவள் அதன்மேல் அமர்ந்திருந்தாள் என்றும் எழுதியிருந்தீர். பத்தாண்டு என்ற செய்தி கேட்டுப் பதினாலு அயல்நாட்டாரும் வண்டி அச்சுக்கு மசகு போடுகின்றனர் என்றும் எழுதியிருந்தீர். அவள் சொல்லி அனுப்பியதையும் பெருமான் செவிமடுத்தார்: “அந்தப் பக்கம் பத்து வருஷம்ங்கிறாங்க. ஆனா எண்ணெய் வாங்குற சனம் இந்தப் பக்கம்தான் இருக்கு. என் செக்குக்கு ஒரு குடம், அதை அளக்கிறேன். அடுத்த வீட்டுக் குடத்தை என்கிட்ட கேக்கக் கூடாது. முரசு வேண்டாம், மாடு மிரளும்.”

பெருமான், இவள் போய்விட்டால் இவ்வாண்டு வரும் செக்கிறை எவ்வளவு என்று கேட்டருளினார். ஒன்றும் இல்லை என்று விண்ணப்பித்தோம். அயல்நாட்டு வாணிகர் நம்மிடம் பதினாலு பேர் உளர், வரி செலுத்துகிறேன் என்பவள் ஒருத்தியே உள்ளாள், ஆகையால் ஈர்க்கப்பட வேண்டியவள் இவளே என்று பெருமான் தீர்ப்பு வழங்கினார்.

ஆதலின் நீர் செய்யக் கடவது: தெருவுக்கு இறை என்னும் வழக்கம் இன்றோடு ஒழிந்தது, இனிச் செக்குக்கு ஒரு குடமே என்று அவளுக்குப் படித்துக் காட்டுக. வரவேற்பு வரியும் ஒழிந்தது, இனி வரவேற்கக் கைவசம் எதுவும் இல்லை. முரசின்றிக் குடையின்றிச் சென்று, அவள் எழுந்திருக்கும்வரை காத்து நின்று, பின் கல்லைத் தூக்கிப் பழைய குழியில் நடுக. அவசரப்படுத்தற்க. பதினாலு அயல்நாட்டாரும் வண்டியோடு எல்லைக்கு வருவாராயின் தடுக்க வேண்டா. காளைகளை மட்டும் அவிழ்த்துக்கொள்க, அவை அரண்மனைக் காளைகள். தை முதல் நாள் ஆவுடையாள் அளக்கும் குடத்தை ஆள்விட்டு அனுப்பாமல் நீரே சுமந்து வந்து ஒப்புவிக்க.

இது திருவாணை. வேங்கைப்பூ இலச்சினை இட்டு, அவையோர் அறுவர் அறிய முடிந்தது.

இலச்சினையின் கீழ்ப் பெருமான் தம் கையால் எழுதியது: வழியில் சிந்தாமல் கொண்டுவரவும்.