நாலரை மணிக் கூட்டம்

தலைவரம்மா,

இன்று காலை கிராமசபைத் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தேன். உப்புக்காற்றில் நமுத்துப்போன தாளில் ஸ்டாம்ப் பேட் மை வாசனை இன்னும் போகவில்லை. உங்கள் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

நீங்கள் தலைவராக வரும்வரை நம்மூர்க் கிராமசபை காலை பதினோரு மணிக்குத்தான். அந்நேரம் ஆண்கள் கடலில், பெண்கள் உப்பளத்தில். யார் வருவார்கள்? ஊராட்சிச் செயலர் என்று நான் ஒருவன் எதற்கு இருக்கிறேன்! சாயங்காலம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போய்க் கையெழுத்தும் கைரேகையும் வாங்கிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு. நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டீர்கள்.

"ஆளு வராத கூட்டத்துக்கு எதுக்கு அண்ணாச்சி கையெழுத்து? நாலரை மணிக்கு வைங்க. யாரு வாராங்கன்னு பாப்போம்."

பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று மனதுக்குள் சிரித்தேன். முதல்முறை எட்டுப் பேர்தான். அடுத்தமுறை பள்ளிக்கூட வராந்தா கொள்ளவில்லை. அன்றுதான் பொறியாளர் கடற்கரைத் தெருவின் மழைத்தண்ணீரைக் கடலுக்கு வடிக்கும் புது வாறுகாலின் வரைபடத்தை விரித்தார். உப்பளத்திலிருந்து நேரே வந்திருந்த ஓர் அம்மா, அது கடலில் சேரும் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"பௌர்ணமிக்குக் கடலு ஏறும்லா சார்? இது வழியா தண்ணி எங்க வீட்டுக்குள்ளல்லா வரும்!"

பொறியாளர் முகம் சுருங்கியது. "நாமளே போய்ப் பாத்துருவோம் சார்," என்றீர்கள். பௌர்ணமியன்று நீங்கள், பொறியாளர், நான் மூவரும் போய், கடல் ஏறிய உயரத்துக்குப் படகுத்துறைத் தூணில் பெயிண்டால் கோடு போட்டோம். வரைபடம் மாறியது. வாறுகாலின் வாய் அந்தக் கோட்டுக்கு மேலே போனது.

வேலை முடிவதற்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. போன பௌர்ணமிக்கு மழையும் சேர்ந்துகொண்டது. மத்தியானம் அந்த அம்மா வீட்டு வாசலில் நின்றிருந்தேன். கடல் கோடு வரை வந்தது, தெருவுக்குள் வரவில்லை.

"தலைவரம்மா இருந்து பாத்திருக்கணும் அண்ணாச்சி," என்றார் அவர்.

நாளை ஒன்றிய அலுவலகத்தில் மற்ற ஊர்ச் செயலர்களுக்குப் பயிற்சி. என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். திட்டம் எழுதுவது, வரைபடம் வாசிப்பது எல்லாம் தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். நான், வீடுவீடாகப் புத்தகம் தூக்கிய என் கதையைச் சொல்லப்போகிறேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்பேன்:

"உங்க ஊர்ல கூட்டம் எத்தன மணிக்கு?"