தென்மேற்கு மூலையின் ஏழாம் கண்ணாடி

மார்ச் 3

வண்ணக்காரருக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்களுக்கு முட்டி வலின்னும், ஆனா மாடி ஏறறதை மட்டும் விடலைன்னும் மகள் சொன்னா. பதினோரு வருஷமா நமக்கு நடுவுல அவதான் தபால்காரி. இந்த விஷயத்துக்கு அவ வேண்டாம்னு நானே எழுதறேன்.

என்னை மறுபடி நம்ம பேராலயத்துக்கு அனுப்பியிருக்காங்க. ‘நம்ம’ன்னு கை தானா எழுதிடுச்சு, இருக்கட்டும். கல்யாணமான ஆறாம் மாசம் நீங்க சுவரோவியத்தைச் சுத்தம் பண்ணவும், நான் விரிசலை அளக்கவும் ஒண்ணா போய் இறங்கின அதே ஆர்த்தடாக்ஸ் பேராலயம். இருபத்தாறு வருஷம் ஓடிப்போச்சு. குவிமாடத்தைத் தாங்கற நாலு வளைவு, வளைவைத் தாங்கற நாலு தூண், வட்டத்தைச் சதுரத்து மேல உக்கார வைக்கிற நாலு மூலை முக்கோணம், ஒவ்வொரு முக்கோணத்திலயும் ஒரு நற்செய்தியாளர். எல்லாம் அப்படியே இருக்கு. தென்மேற்கு மூலைக்காரரோட தாடியைக் கிழிச்சிட்டுப் போற விரிசலும் அப்படியே இருக்கு.

அந்த வருஷம் விரிசல்கள் மேல பன்னிரண்டு சாட்சிக் கண்ணாடி ஒட்டினேனே, ஞாபகம் இருக்கா? விரலகலத் துண்டு, ரெண்டு பக்கமும் காரை, மேல எண்ணும் ஒட்டின தேதியும். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடைஞ்சிடும். தென்மேற்கு மூலைக்கு ஒண்ணே ஒண்ணுதான், ஏழாம் எண். வருஷக் கடைசியில தலைமை இன்ஜினியர் மட்டும் மேல ஏறிப் பார்த்தார், ஒண்ணுகூட உடையலை. ‘விரிசல் செத்துவிட்டது’ன்னு தலைமை இன்ஜினியர் எழுதினார். அந்தத் தூணோட அடித்தளத்தைத் தோண்டிப் பலப்படுத்தற திட்டத்தையும் அதோட கைவிட்டாங்க.

இப்போ ஏழு உடைஞ்சிருக்கு. போன குளிர்காலத்துல பக்கத்துல கால்வாய் தோண்டின அதிர்ச்சியில உடைஞ்சது, அந்த வேலைதான் முடிஞ்சாச்சே, விரிசலை அடைச்சிட்டுத் திறந்துடலாம்னு புனரமைப்புக் குழு சொல்லுது. இருபத்தொன்பதாம் தேதி திறப்பு. குவிமாடத்து நடுவுல ஆயிரத்து நூறு கிலோ சரவிளக்கு தொங்கப் போகுது. அதுக்கு நான் கையெழுத்துப் போடணும்.

போட்டிருப்பேன். ஆனா மத்த பதினொண்ணும் நானே என் கையால அறுத்த பச்சை ஓட்டமுள்ள ஜன்னல் கண்ணாடி. ஏழு மட்டும் வெள்ளை வெளேர்னு இருக்கு. ஓரம் தேய்ச்சது, ஒரு முனை மங்கல். அது மைக்ராஸ்கோப் கண்ணாடி, உங்க மேஜைச் சாமான். தேதி என்னவோ நான் ஒட்டின அதே தேதிதான். எழுத்து மட்டும் உங்களுது. நாற்காலி மாதிரி நாலு போடற ஆள் உலகத்துல ஒருத்தர்தான்.

எப்போ மாத்தினீங்க? ஏன்?

இன்ஜினியர்


மார்ச் 7

அன்பான இன்ஜினியரம்மாவுக்கு,

பதினோரு வருஷம் கழிச்சு முதல் கடிதம் வருது, ஆசையாப் பிரிச்சா, உள்ள போலீஸ் விசாரணை! நீ மாறவே இல்லை. அதுல எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும்கூட, அதை மறைக்கலை.

முட்டி வலி உண்மைதான். என் ஓவியச் சீரமைப்புப் பள்ளியில லிஃப்ட் வச்சிருக்காங்க. பசங்க முன்னாடி அதுல ஏறக் கௌரவம் இடிக்குது.

உன் கடிதத்தைப் படிச்சதும் அந்தச் சுண்ணாம்பு வாசனை மூக்குல ஏறிடுச்சு. வழிபாட்டைத் தடை பண்ணி, பதினெட்டு வருஷம் அதைத் தானியக் கிடங்கா வச்சிருந்தவங்க ஏழு பூச்சு வெள்ளையடிச்சிருந்தாங்க. நான் கத்தியால சுரண்டச் சுரண்ட அந்தத் தாடிக்காரரோட ஒரு கண்ணு மட்டும் முதல்ல வெளிய வந்து என்னை முறைச்சுது. நீ கீழ நின்னு, “யாரோ முழிச்சுக்கிட்டாங்க”ன்னு கத்தின. பீப்பாய் மாதிரி எதிரொலிச்சுது.

கண்ணாடியா? என் மேஜையில நூத்துக்கணக்குல கிடந்துது. யாரு எப்போ எடுத்தாங்கன்னு எனக்கென்ன தெரியும்? நூத்தைம்பது வருஷமா எத்தனையோ பார்த்த கட்டடம். கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போ. உடம்பைப் பார்த்துக்கோ.

என்றும் உன்,
வண்ணக்காரன்


மார்ச் 10

வண்ணக்காரருக்கு,

காதுல பூ சுத்தாதீங்க. உங்க கையெழுத்தை வேற யாரும் போடலை.

தென்மேற்குத் தூண் மேல எனக்கு ஏன் சந்தேகம்னு கேளுங்க. இங்க பழைய ஆவணப் பெட்டியை ரெண்டு நாளாக் கிளறிட்டு இருக்கேன். இந்தக் கோயிலை மூணு பேர் கட்டியிருக்காங்க. முதல் கட்டடக்காரர் தென்மேற்குத் தூணுக்கு மட்டும் சேத்துல மரக்கால், அதாவது அடித்தள மரக்கம்பம், அடிச்சு இறக்கிட்டு, அதோட செத்துப் போயிட்டார். பதினோரு வருஷம் அந்தக் குழியை யாரும் மூடலை. தண்ணிக்குள்ளயே இருந்தா மரம் கல்லு மாதிரி இருக்கும், காத்துப் பட்டா உளுத்துடும். ரெண்டாவது ஆள் வந்து மத்த மூணு தூணுக்கும் புதுசா மரக்கால் இறக்கினார். பழைய குழியை மட்டும் எட்டிக்கூடப் பார்க்காம மேல தூணை எழுப்பிட்டார். மூணாவது ஆள் இன்னும் சமர்த்து. வரைபடத்துல மரத்தால போட்டிருந்த குவிமாடத்தைச் செங்கல்லுல கட்டினார். கிடங்குக்காரங்க வந்து, மூட்டை தூக்கற எந்திரம் நுழையணும்னு தெற்கு வளைவை விரியாமப் பிடிச்சிருந்த இழுவைக் கம்பியை அறுத்துப் போட்டாங்க. கம்பியை நம்ம காலத்துல திரும்ப மாட்டினோம். குழியை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் பார்க்கலை.

போன குளிர்காலத்துலதான் முதல் தடவை உடைஞ்சதுன்னா கால்வாய் மேல பழியைப் போடலாம். அன்னிக்கே ஒரு தடவை உடைஞ்சிருந்தா தூண் இருபத்தாறு வருஷமா இறங்கிட்டு இருக்குன்னு அர்த்தம். எனக்குத் தெரிய வேண்டியது அது ஒண்ணுதான். உடைஞ்சுதான் மாத்தினீங்களா?

இன்ஜினியர்


மார்ச் 14

அன்பு இன்ஜினியரம்மாவுக்கு,

சரி, சொல்றேன். இனி மென்னு முழுங்கிப் பிரயோஜனம் இல்லை.

வருஷம் முடிய ரெண்டு மாசம் இருக்கறப்போ ஒரு காலையில சாரத்து மேல்தட்டுக்கு ஏறினேன். ஏழாம் கண்ணாடி ரெண்டா உடைஞ்சு கிடந்துது. அதுக்கு நேர் கீழ உன் சின்ன ஏணி சாத்தியிருந்துது. அதுக்கு முந்தின வாரம்தான் தலைமை இன்ஜினியர் எல்லார் முன்னாடியும் உன்னை நிக்க வச்சு, “இன்னொரு தப்பு நடந்தா வீட்டுக்குப் போகலாம்”னு சொல்லியிருந்தார். நீ அன்னிக்குச் சாப்பிடவே இல்லை. எனக்கு மனசு கேக்கலை. என் மேஜையில இருந்து ஒரு கண்ணாடியை எடுத்து ஒட்டி, பழைய தேதியை எழுதிட்டேன். உனக்குத் தெரிஞ்சா நீயே போய்ச் சொல்லிடுவன்னு உன்கிட்டயும் சொல்லலை.

ஆக, உடைச்சது உன் ஏணி, விரிசல் இல்லை. நீ பயப்பட ஒண்ணுமே இல்லை, தாராளமாக் கையெழுத்துப் போடு.

ஒரே ஒரு வேண்டுகோள். என் பேரை எங்கயும் எழுதாத. இங்க இருநூறு பிள்ளைங்களுக்கு நான்தான் தலைமை. இல்லாததை வரையாதேங்கறதுதான் நான் நடத்தற முதல் பாடம். இது வெளிய தெரிஞ்சா நான் எந்த முகத்தோட வகுப்புக்குள்ள போறது?

உன்,
வண்ணக்காரன்


மார்ச் 17

வண்ணக்காரருக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சிட்டுப் பத்து நிமிஷம் நடுக்கூடத்துல நின்னேன். கோபத்துலதான்.

ஏணி என்னுதுதான். ஆனா தலைமை இன்ஜினியர் திட்டினதுக்கு அப்புறம் பத்து நாள் நான் மேல ஏறவே இல்லை. தரைக்கடியில, இடுப்பளவு தண்ணியில, மரக்கால் பக்கத்துல நீர்மட்டம் அளந்துட்டு இருந்தேன். ராத்திரி ஈரத்தோட வந்து உங்ககூடத்தானே சாப்பிட்டேன்? மேல்தட்டுப் படிக்குப் பூட்டு இருந்துது. சாவி ரெண்டு. ஒண்ணு உங்ககிட்ட, இன்னொண்ணு என்கிட்ட. நீங்களும் உடைக்கலை, நானும் உடைக்கலை. அப்போ உடைச்சது யாரு?

“உன் ஏணி பட்டுச்சா?”ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். கேக்கலை. என்னைக் காப்பாத்திட்டீங்க! நான் தப்புப் பண்ணியிருப்பேன்னு நீங்களே முடிவு பண்ணி, நீங்களே தீர்ப்பு எழுதி, நீங்களே மன்னிச்சு, நீங்களே பூசி மெழுகியும் முடிச்சாச்சு. அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, நான் பாலம் வேலையில இருக்கேன், மனசு கலையக் கூடாதுன்னு ஒன்பது நாள் மறைச்சதும் இப்படித்தான். பத்தாம் நாள் வந்து என்னத்தைப் பார்த்தேன்? அதுக்காகத்தான் வீட்டை விட்டு வந்தேன். நான் கோபக்காரின்னு மட்டும் நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தீங்க.

இப்போ கேளுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன். பேராயர் ரெண்டு தடவை வந்து அன்பாவும் பேசிட்டார், முகத்தைத் தூக்கி வச்சும் பேசிட்டார். திறப்பு நாள் அழைப்பு போயாச்சாம். போகட்டும். அந்த மாடத்துக்கடியில ஆயிரம் பேர் நிப்பாங்க. இருபத்தாறாம் தேதி குழு கூடுது. எழுத்து உங்களுதுன்னு நானே சொல்லலாம். ஆனா பிரிஞ்சு போன பொண்டாட்டி புருஷன் மேல பழி போடறான்னு ஒரே வார்த்தையில கை கழுவிடுவாங்க. நீங்க எழுதணும். பேர் போட்டு, தேதி போட்டு. பெயர் தெரியாத ஒருவர்னு எல்லாம் எழுத விட மாட்டேன்.

நீங்க எழுதலைன்னாலும் நான் கூட்டத்துல எழுந்து நிக்கத்தான் போறேன்.

இன்ஜினியர்


மார்ச் 20

என் இன்ஜினியரம்மாவுக்கு,

ரெண்டு நாள் உன் கடிதத்தைச் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நீ தண்ணியில இருந்த நாளுங்க ஞாபகம் வந்துது. உன் காலுக்கு வெந்நீர் வச்சுக் குடுத்தவன் நான். அப்படியிருந்தும் அந்த ஏணியைப் பார்த்தப்போ எனக்கு அது தோணலை. நீ தப்புப் பண்ணி, நான் காப்பாத்தின மாதிரி இருக்கறது எனக்குப் பிடிச்சிருந்துது. இதை எழுதவே வெக்கமா இருக்கு, ஆனா உண்மை இதுதான்.

வாக்குமூலம் நேத்தே ஆள் கையில குழுவுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. முழுப் பேர், கையெழுத்து, எல்லாம் இருக்கு. கூடவே என் பழைய பரிசோதனைக்கூடப் பதிவேட்டையும் அனுப்பியிருக்கேன். அக்டோபர் பத்தொன்பது, ‘கண்ணாடி ஒன்று, கை தவறி உடைந்தது’ன்னு என் கையெழுத்துல இருக்கு. அதுவும் பொய்தான், ஆனா தேதி நிஜம். உன் நீர்மட்டக் குறிப்புல அந்தத் தேதி இருக்கான்னு பாரு.

இன்னிக்குக் காலையில பிள்ளைங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு நானே சொன்னேன். கடைசி பெஞ்சுப் பொண்ணு ஒருத்தி மட்டும், “சார், அந்த மாடம் இப்போ என்ன ஆகும்?”னு கேட்டா. சரியான கேள்வியை அவதான் கேட்டா. தலைமைப் பொறுப்பை எழுதிக் குடுத்துட்டேன். பாடம் நடத்த விட்டா நடத்துவேன்.

உங்கப்பா விஷயத்துல நான் செஞ்சது அநியாயம். உனக்கு நல்லதுன்னு செய்யலை. நீ அழறதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் காரணம். பதினோரு வருஷம் முன்னாடியே இதைச் சொல்லியிருக்கணும்.

குழு போன் பண்ணி என்னை நேர்ல வரச் சொல்லியிருக்கு. வரேன். உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன், பின்னால எங்கயாவது உக்காந்துக்கறேன்.

வண்ணக்காரன்


மார்ச் 24

வண்ணக்காரருக்கு,

அக்டோபர் பதினொண்ணுல இருந்து இருபது வரைக்கும் என் குறிப்பேட்டுல ஒவ்வொரு நாளும் நீர்மட்டம் இருக்கு. உங்க பத்தொன்பதாம் தேதி அதுக்குள்ளதான் வருது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குழுத் தலைவர்கிட்ட காட்டினேன். மனுஷன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தார். சரவிளக்கை வண்டியிலயே திருப்பி அனுப்பிட்டாங்க. திறப்பு நின்னு போச்சு. நாளையில இருந்து தெற்கு வளைவுக்கடியில முட்டுக் குடுக்கறோம், அப்புறம் அந்தக் குழியைத் தோண்டறோம். ரெண்டு வருஷ வேலை. நான் இங்கதான் இருக்கப் போறேன்.

பேராயர் என்கூடப் பேசறதில்லை. பரவாயில்லை, அவருக்கும் ஒரு நாள் கோபம் ஆறும். இடிஞ்சு விழுந்தப்புறம் பேசறதைவிட இது எவ்வளவோ மேல்.

குழுவுல உங்களை லேசா விட மாட்டாங்க. கேள்வி கேட்டுக் குடைஞ்சு எடுப்பாங்க. “இதுக்கு என்ன தண்டனை?”ன்னு ஒருத்தர் இப்பவே கேக்கறார். என்கிட்ட கேட்டா, நடந்ததை நடந்தபடி சொல்வேன். உங்களுக்காக ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்க மாட்டேன், கூட்டவும் மாட்டேன்.

மன்னிச்சிட்டேன்னு எழுதணும்னுதான் உக்காந்தேன். வரலை. அப்பா விஷயத்தைப் படிச்சப்போ அழுதேன். நீங்க பார்த்திருந்தா தாங்கியிருப்பீங்க, ஒண்ணும் ஆகியிருக்காது.

பின்னால எல்லாம் உக்கார வேண்டாம். முன்வரிசையில ரெண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன், பக்கத்துல நான் உக்காருவேன். அதுக்கு மேல இப்போ எதையும் கேக்காதீங்க.

இருபத்தாறாம் தேதி, காலை பத்து மணி. லேட்டா வராதீங்க.

உங்கள்,
இன்ஜினியரம்மா