உங்கள் கையில் என் எண்

அப்பா,

இன்று காலை உங்கள் மருமகன் பாதி அறுத்த பப்பாளியை மூடிவைப்பதற்காக, அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருளிலிருந்து சர்ரென்று இழுத்தார். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து போய், "அத அங்கயே வைங்க" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பப்பாளியை மூடுவதில் என்ன குற்றம் கண்டாள் என்று அவர் விழித்தார். உங்கள் இடது கைக்காக வாங்கிய சுருளில் மிச்சம் இருந்தது அது. அந்தச் சத்தம் கேட்டதுமே களிம்பு வாசனையும் கூடவே வந்துவிட்டது.

உங்களுக்கு மறதி வந்ததை வயசு, வயசு என்று சொல்லி எல்லோரும் மழுப்பிக்கொண்டிருந்தோம். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்ன பிறகும் அண்ணன் மழுப்பினான். காளவாசல் சிக்னலில் நடுரோட்டில் நின்றுகொண்டு, வீடு எந்தப் பக்கம் என்று ஆட்டோக்காரர்களிடம் நீங்கள் கேட்ட அன்றுதான் அந்த மழுப்பல் நின்றது. அந்த வழியாகவே வருஷக்கணக்காகப் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கண்டக்டர் நீங்கள். பழைய சிநேகிதர் ஒருவர் அடையாளம் கண்டு விளாங்குடியில் நம் வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டார். அவர் கண்ணில் படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

சட்டைப் பையில் என் நம்பரை எழுதி வைத்தேன். துவைக்கப் போட்டுவிட்டீர்கள். கழுத்தில் அட்டை மாட்டினேன். நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா என்று கழற்றி வாசல் கேட்டில் தொங்கவிட்டீர்கள். செல்போனை டீக்கடை பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்தீர்கள். கடைசியில் வழி சொன்னதும் நீங்கள்தான். புத்தி தெளிவாக இருந்த ஒரு காலையில், இட்லியைப் பிட்டபடியே சொன்னீர்கள்.

"பாக்கிச் சில்லறைய டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிக் குடுப்பேன். பாதிப் பேரு டிக்கெட்டையே தொலைச்சுப்புட்டு வந்து நிப்பான். கையிலயே எழுதிட்டாத் தொலைக்க முடியாதுல்ல தாயி? பச்ச குத்துற கடைக்குக் கூட்டிட்டுப் போ."

அண்ணன் குதித்தான். மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி பெற்ற அப்பனுக்கு நம்பர் போடுவாயா என்று கேட்டான். தெருத் தெருவாகத் தேடி அலைகிறவள் நான், நியாயம் பேசுகிறவன் நீயா என்று நானும் விடவில்லை. அடுத்த தெருவில் இருந்துகொண்டு அவனும் நானும் பல நாள் பேசாமல் இருந்தோம்.

காளவாசலில் மாடியில் இருந்த அந்தக் கடை ஞாபகம் இருக்கிறதா? கழுத்துவரை படம் குத்தியிருந்த ஒரு இளைஞர். உங்கள் மாத்திரைச் சீட்டை முழுதாகப் படித்தார். சர்க்கரை உண்டா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டா என்று கேட்டார். வயதானவர்கள் தோல் மெல்லிசு, மை கசியும், அதனால் எண்களைப் பெரிதாக, இடைவெளி விட்டுப் போடவேண்டும் என்றார். பிறகு என்னை வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எதற்காக இது என்று உங்களிடம் கேட்டார். அன்று நீங்கள் நன்றாகவே சொன்னீர்கள். ஆனாலும் அவர் ஊசியை எடுக்கவில்லை.

"நாளைக்கும் வாங்கக்கா. இன்னைக்குச் சொன்னத நாளைக்கும் ஐயாவா சொன்னாத்தான் போடுவேன். அழிக்க முடியாதது பாருங்க."

மறதிக்காரரிடம் ஞாபகப் பரீட்சையா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு வந்து சேரும்வரை புலம்பித் தீர்த்தேன். நீங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

மறுநாள் நீங்கள் தெளிவாக இல்லை. கடையில், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டதும் சுவரில் இருந்த புலியைப் பார்த்தீர்கள், மயிலைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் போதும், சொல்லிவிடுவீர்கள். எடுத்துக் கொடுத்தால் அவர் போடமாட்டார். போடாவிட்டால் அடுத்த தடவை நீங்கள் தொலைந்ததுதான். அப்புறம் நீங்கள் உங்கள் கையைத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"நான் எறங்க வேண்டிய எடம் எனக்கு மறந்துபோகுது தம்பி. எம் மக நம்பர எழுதிவிடு. யாராச்சும் எறக்கிவிட்டுருவாங்க."

அவர் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார். புதுக் கையுறை போட்டு, மூடிய உறையிலிருந்து நம் கண்முன்னே ஊசியைப் பிரித்தார். எண்களை முதலில் ஊதா அச்சாகக் கையில் ஒட்டினார். நான் திரும்பத் திரும்பப் போனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தப்பாகிவிட்டால் எவன் வீட்டுக்கோ அல்லவா போன் போகும்? மெஷின் வண்டு மாதிரி இரைந்தது. நீங்கள் முகம் சுளிக்கவில்லை. ஊசி என்றால் இவள்தான் ஊரைக் கூட்டுவாள் என்று என்னைக் காட்டி அவரிடம் கேலி பேசினீர்கள்.

குத்துவது பெரிய வேலை இல்லை அப்பா. ஆற்றுவதுதான் பெரிய வேலை. சுற்றியிருந்த தாளைச் சொன்ன நேரத்தில் அவிழ்க்க வேண்டும், வாசனையில்லாத சோப்பால் விரல் நுனியால் கழுவ வேண்டும், தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், களிம்பை மெல்லிசாகத் தடவ வேண்டும். வெயில் படக்கூடாது, தண்ணீரில் ஊறக்கூடாது. பொருக்குத் தட்டினால் எவ்வளவு அரித்தாலும் சொறியக்கூடாது. சொறியாதே என்பதை ஞாபகம் வைத்திருக்க உங்களால் முடியுமா? உங்கள் பழைய வேட்டியைக் கிழித்துத் தொளதொளவென்று முழுக்கைச் சட்டை தைத்துப் போட்டுவிட்டேன். அதற்குள்ளும் விரல் போனது. பக்கத்திலேயே உட்கார்ந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைக்காரர் சொல்லாத ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு காலையும் நீங்கள் அந்தப் புண்ணைப் புதிதாகக் கண்டுபிடித்தீர்கள். யார் என் கையில் எழுதியது என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் உங்களுக்கு மறதி நோய் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் அதை முதல் தடவையாகக் கேட்கிறவர் மாதிரி உங்கள் முகம் விழுந்துபோகும். ஒருநாள் தாங்கமாட்டாமல், "நீங்கதான்ப்பா எழுதச் சொன்னீங்க" என்று மட்டும் சொன்னேன். "நானா சொன்னேன்? அப்பச் சரி, காரணமாத்தான் இருக்கும்" என்று கையை நீட்டிக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு தினமும் அந்த ஒரு பதில்தான். அன்று என்னிடம் வசை வாங்கிய அந்தக் கடைக்காரரை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

பொருக்கு உதிர ஆரம்பித்த சமயம், லைனிங் துணி வாங்க நான் வெளியே போயிருந்தேன். அண்ணன் பெண்டாட்டி, மதினி, உங்களைப் பார்க்க வந்திருக்கிறது. தோல் உரிந்து சிவந்திருப்பதைப் பார்த்துப் பதறி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அடை மாதிரி அப்பி, துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டது. நம் வீடுகளில் எந்தக் காயத்துக்கும் அதுதானே வைத்தியம். சாயங்காலத்துக்குள் கை வீங்கிக் கொதித்தது. தோல் டாக்டரிடம் ஓடினோம். கட்டை அவிழ்த்தபோது, ஊறிப்போன பொருக்கும் துணியோடு வந்துவிட்டது. கடைசிக்கு முந்தின எண்ணில் பாதியைக் காணவில்லை. தோல் முழுக்க ஆறாமல் அதன்மேல் ஊசி வைக்க முடியாது, அதுவரை ஐயாவைத் தனியாக விடாதீர்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

விடவில்லை. ஒரு ரவிக்கைக்கு அளவு எடுக்கிற நேரம்தான். திரும்பினால் கேட் திறந்து கிடந்தது.

பேச்சு வார்த்தை இல்லாத அண்ணனுக்கு நானே போன் போட்டேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு காளவாசல் பக்கம் போனான். நான் திண்டுக்கல் ரோட்டில் இந்த நிறுத்தத்துக்கும் அந்த நிறுத்தத்துக்குமாக ஓடினேன். மொட்டை வெயில். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தேன். ஆனால் உங்கள் கையில் இருப்பது இப்போது யாருடைய எண்ணும் இல்லை. அம்புட்டு வலி பொறுத்தீர்களே, அதற்கு இதுதானா பலன் என்று ரோட்டில் நின்றே அழுதேன்.

தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, உங்க அப்பா கண்டக்டரா இருந்தவரா?"

சோழவந்தானிலிருந்து, பணியில் இருந்த ஒரு கண்டக்டர். நீங்கள் ஏறியது அவர் பஸ்ஸில். பஸ் நகர்ந்ததும் நீங்கள் எழுந்து, ஒவ்வொரு இருக்கையாகப் போய் டிக்கெட் எடுத்தாச்சா, டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டீர்களாம். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள் அண்ணே என்று தன் இருக்கையில் உங்களை உட்கார வைத்திருக்கிறார். இறங்கி டீ வாங்கிக் கொடுத்தபோது சட்டைக் கை விலகியிருக்கிறது. அழிந்த இடத்தில் என்ன எண் இருந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒருவர் திட்டிவிட்டு வைத்தாராம், ஓர் அம்மா தன் அப்பா செத்து வருஷமாச்சு என்றதாம். அதற்கு அடுத்தது நான்.

கை ஆறியதும் அந்த எண்ணைத் திருத்த உங்களைக் கூட்டிப்போனது அண்ணன்தான். நான் கேட்கவில்லை, அவனாகவே வந்தான்.

அதற்கு மேல் நீங்கள் தனியாக எங்கும் போகவில்லை. போகிற தெம்பு இல்லை. கடைசி மாதங்களில் என் முகமும் உங்களுக்குப் போய்விட்டது. சோறு ஊட்டுகிற யாரோ ஒரு பொம்பளை ஆனேன். எனக்கு அது பொறுக்கவில்லை அப்பா. அடுப்படிக்குப் போய் அழுவேன். ஒருநாள் நான் உங்கள் கையைத் துடைத்துவிடும்போது, எண்களைக் காட்டி மெதுவாகக் கேட்டீர்கள்.

"இந்த நம்பருக்கு ஒரு போன் போடும்மா. எம் மகதான். நான் இங்கன இருக்கேன்னு சொன்னா வந்து கூட்டிட்டுப் போயிரும்."

உங்கள் மருமகன் தன் போனில் அந்த எண்ணைப் போட்டு உங்கள் காதில் வைத்தார். நான் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் எடுத்தேன். என்னால் "அப்பா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"தாயி, நீதானா? இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாக. இருந்தாலும் நீ வா."

"வாரேன்ப்பா."

முகத்தைக் கழுவிக்கொண்டு, வீட்டைச் சுற்றி முன்வாசல் வழியாக உள்ளே வந்தேன். என்னை ஏறிட்டுப் பார்த்தீர்கள். கட்டிலில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டீர்கள். "உக்காரும்மா. எம் மக வந்துக்கிட்டு இருக்கு" என்றீர்கள். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேருமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்களோடு அந்தக் கையையும் எரித்தாயிற்று. பெற்ற மகளைத் தெரியாமலே போய்ச் சேர்ந்தாரே என்று சொந்தக்காரர்கள் இப்போதும் என்னிடம் வருத்தப்படுகிறார்கள். என் முகம்தான் உங்களுக்கு மறந்தது. கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்பது மறக்கவில்லை. அது போதும் அப்பா எனக்கு.