துறைமுக லொறியில் முதல் கை

1967 ஆவணி, ஞாயிறு இரவு.

குப்பைமேட்டுக் குடும்பங்களுக்குப் பாண் கொடுத்துச் செபம் சொல்ல இன்று போதகருடன் போனேன். அவர் ஆண்டவருக்கு உலக நடப்பை விளக்கிய பிறகே விண்ணப்பத்துக்கு வருவார். அதற்குள் துறைமுக லொறி வந்து கொட்டிவிட்டுப் போனது. கப்பல் கழிவில் சாக்கும் கயிறும் கிடைக்கும். அவர்களுக்கு இந்தக் கிழமைச் சோறு அதுதான். ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. செபத்தின் வல்லமை என்று போதகர் முகம் மலர்ந்தார். நானும் கொஞ்சம் நம்பினேன்.

ஆமென் சொன்ன பிறகும் அவர்கள் அசையவில்லை. குப்பைக்கு நெருப்பு வைக்கும் பட்டினசபை ஆள் மண்ணெண்ணெயோடு வந்துவிட்டார்.

"ஏன் எடுக்கேல்லை?" என்று அவர்களில் பக்கத்தில் நின்ற தங்கம்மாவைக் கேட்டேன்.

"ஏலாது ஐயா. வருத்தக்காரர் இருக்கிற வீட்டுக்குத்தான் முதல் கை. பாக்கியத்தின்ர மனிசன் ஆஸ்பத்திரியில. அவள் பாத்திட்டு வரட்டும்."

"வரப் பிந்தினால்?"

"எரியும்." பட்டினசபை ஆளிடம் திரும்பினாள். "உங்களுக்கென்ன அவசரம் அண்ணை, பொம்பிளை பாக்கவே போறியள்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே, எரியப்போகும் தங்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். அவரும் தீப்பெட்டியைத் திறக்காமல் நின்றார்.

கடைசியில் பாக்கியம் ஓடிவந்தாள். மூச்சு வாங்கக் குனிந்து ஒரு கயிற்றுச் சுருளை இழுத்தெடுத்தாள். அதன் பிறகே மற்றவர்கள் இறங்கினார்கள்.

செபத்துக்குக் கழற்றியதுபோல், நான் மறுபடியும் தொப்பியைக் கழற்றினேன். இந்த வெயிலில் ஏன் என்று போதகர் கேட்டார். தலை வேர்க்கிறது என்றேன்.