கோ யூதாஸ் பெயரில் ஒரு பதக்கம்

என் பாசத்துக்குரிய சேவியர் அண்ணா,

உன் பெயரில் ஒரு விருது வைத்திருக்கிறார்கள். சிரிக்காதே. தின்கன்ஜூன் பேட்டைக் கோயிலில் நம் தமிழ் ஆட்கள் போடும் பாஸ்கா நாடகத்தில் சிறப்பாக நடிப்பவருக்கு இனி வருடந்தோறும் சேவியர் பதக்கம். யூதாஸ் வேஷம் கட்டியே பெயர் வாங்கியவன் நீ. பஜாரில் மீன் விற்கிற பர்மாக்காரிகூட, அவள் பாஷையில் யூதாஸ் அண்ணன் என்று, உன்னைக் 'கோ யூதாஸ்' என்றுதான் கூப்பிடுவாள்.

முதல் பதக்கம் யாருக்குத் தெரியுமா? எனக்கு. உன்னிடம் சொல்லாமல் மனசு ஆறவில்லை. இந்தக் கடிதத்தை மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும்.

இந்த வருடம் உன் வேஷத்தை டாக்சி ஓட்டுகிற நம் ஜோசப் கட்டினான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தெரியாது. வசனத்தைப் பர்மா எழுத்தில் எழுதிவைத்து, வண்டி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பாடம் பண்ணினான். நன்றாகவே செய்தான், அண்ணா. உன்னைக் காப்பியடிக்கவும் இல்லை. கரண்டை நம்ப முடியாததால் பெரிய வெள்ளியன்று மதியமே நாடகத்தை ஆரம்பித்துவிட்டோம்.

வழக்கம்போல நான்தான் ஆண்டவர். காட்டிக்கொடுக்கும் காட்சி வந்தது. ஜோசப் என் தோளைப் பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டான். அந்த இடத்தில் நீயாக இருந்தால், சபைக்குக் கேட்காமல் என் காதில் ஏதாவது ஓதுவாய். "சீக்கிரம் செத்துட்டு வாடா, உங்கண்ணி மோஹிங்கா ஆக்கி வச்சிருக்கா." வருடா வருடம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நான் சிலுவை சுமக்கப் போயிருக்கிறேன். ஜோசப் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், அவன் என்ன சொல்வான்?

நான் காதைக் கொடுத்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் நீ இல்லை என்பது எனக்கு உறைத்தது. உன் அடக்கத்தில்கூட அழாதவன், அத்தனை பேர் முன்னால் விம்மி விம்மி அழுதேன். சொல்ல வேண்டிய வசனம் மறந்தே போனது. சேவகனாக நடித்தவன் என்னை இழுத்துக்கொண்டு போனான். கூட்டமும் சேர்ந்து அழுதது. அதைத்தான் நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் ஜோசப் முகம் வெளிறி ஓடிவந்தான். "அக்கோ..." பதற்றத்தில் அண்ணன் என்பது அவனுக்குப் பர்மாப் பேச்சில்தான் வந்தது. "நான் எதுவும் தப்பாச் செஞ்சிட்டேனா?" இல்லையப்பா என்று முதுகைத் தட்டினேன்.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் அண்ணிதான் பதக்கத்தைப் போட்டுவிட வந்தார். மைக்கில் உண்மையைச் சொல்லி, ஜோசப்பைக் கூப்பிட்டு அவன் கழுத்தில் போடச் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் மேடை ஏறினேன்.

"அண்ணி, அன்னிக்கு நான் நடிக்கலை," என்றேன் மெதுவாக.

"தெரியும் தம்பி." பதக்க நாடாவை என் கழுத்தில் மாட்டினார். "இத்தனை பேரும் அவருக்காக வந்திருக்காங்க. நீ இப்ப அழுதா நானும் விழுந்துருவேன். இப்பவாவது நடி."

நடித்தேன். சிரித்தேன், கும்பிட்டேன். ஜோசப்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினான். நான் செய்தது சரியா, அண்ணா? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

அடுத்த வருடம் ஜோசப் முத்தமிடும்போது, என் வசனத்தை ஒரு சொல் விடாமல் சொல்லிவிடுவேன். அவன் காட்சியை அவனுக்கே விட்டுவிடுவேன். பதக்கம் அவன் கழுத்துக்குப் போகட்டும். மேடையில் இனி அழ மாட்டேன், இது சத்தியம். வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருப்பேன் என்று மட்டும் என்னிடம் வாக்குக் கேட்காதே.

உன் முத்தத்துக்குக் கன்னம் காட்டிய தம்பி,
அந்தோணி